பூட்டாத அலமாரிக்குப் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள்

தீபாவளிக்கு முந்தின வாரம் பினாங்கு லெபோ பாசாரில் கால் வைக்க இடம் இருக்காது. முறுக்கு வாங்க ஒரு கூட்டம், மாலை கட்டுகிறவரிடம் ஒரு கூட்டம், புடவைக் கடை வாசலில் காதைக் கிழிக்கும் பாட்டு. அந்த நெரிசலில் பிள்ளை தொலைந்துவிடக் கூடாதே என்று அவன் கையை விடாமல் பிடித்துக்கொள்கிறோம். அவனுடைய மறு கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கறுப்பு நிறம், உலோகப் பளபளப்பு, அடியில் கழற்றி மாட்டும் மேகசின். பத்தடி தள்ளி நிற்கும் போலீஸ்காரருக்கே நிஜமா பொய்யா என்று சொல்ல வராத கைத்துப்பாக்கி. வாங்கிக் கொடுத்தவர் நாம். வீட்டுக்கு வந்ததும் "எங்கே, தாத்தாவைச் சுடு பார்ப்போம்" என்று சொல்லிக் கொடுப்பவரும் நாம். தாத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய, எல்லாரும் சிரிக்க, அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுபவரும் நாமேதான்.

இதைப் படிக்கும்போதே சிலருக்குக் கோபம் வரும். வரட்டும், கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள். "விளையாட்டுச் சாமான்தானே, இதற்கு ஏன் இத்தனை பேச்சு" என்பார்கள் சிலர். "நம் நாடு என்ன அமெரிக்காவா, இங்கே யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது" என்பார்கள் வேறு சிலர். இரண்டு பேருக்கும் நான் சொல்ல வருவது ஒன்றுதான். பிள்ளையின் கைக்கு வரும் எந்தத் துப்பாக்கியும், நிஜமோ பொய்யோ, முதலில் ஒரு பெரியவரின் கையைத் தாண்டித்தான் வருகிறது. வாங்கியவர், கொடுத்தவர், ஒளித்து வைத்ததாக நினைத்தவர், பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தவர் என்று யாரோ ஒரு பெரியவர் நடுவில் இருக்கிறார். அந்தப் பெரியவரிடம்தான் எனக்குப் பேச்சு. பிள்ளையிடம் இல்லை.

நம் ஊரிலேயே நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். லெபோ பாசாரிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், லெபோ லைட்டில், உயர்நீதிமன்றம் இருக்கிறது. கார் நிறுத்த இடம் தேடி எத்தனையோ முறை அந்தப் பக்கம் சுற்றியிருப்போம். 1977-ஆம் ஆண்டு பினாங்கு உயர்நீதிமன்றத்தில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இன்றைய கணக்கில் படிவம் இரண்டு படிக்கிற வயது. அவன் மேல் இருந்தது கொலைக் குற்றச்சாட்டு இல்லை. கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் அவன் வசம் இருந்தன என்பதுதான் குற்றம்.

எப்படி இது நடக்க முடிந்தது? இசா என்று நாம் சொல்லிப் பழகிய 1960 உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57-வது பிரிவு, பாதுகாப்பு வட்டாரம் என்று அறிவிக்கப்பட்ட பகுதியில் அனுமதியில்லாமல் சுடும் ஆயுதம் வைத்திருந்தால் கட்டாய மரண தண்டனை என்றது. நீதிபதி வேறு தண்டனை தர இடமே இல்லை. அதற்குமேல், 1975-இல் கொண்டுவரப்பட்ட அவசரகால ஒழுங்குமுறைகள், இப்படிப்பட்ட வழக்குகளில் சிறார் என்ற பாதுகாப்பையும் எடுத்துவிட்டன. 14 வயதுப் பிள்ளை நாற்பது வயது ஆளைப் போலவே விசாரிக்கப்பட்டான். கூட்டரசு நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. நாட்டின் வழக்கறிஞர்கள் கொதித்துப் போனார்கள். இந்த ஒழுங்குமுறைகளின் கீழ் நடக்கும் விசாரணைகளில் இனி நிற்கப் போவதில்லை என்று வழக்கறிஞர் மன்றம் தீர்மானமே போட்டது. உள்ளூரிலும் வெளிநாட்டிலும் எழுந்த குரல்களுக்குப் பிறகு தண்டனை குறைக்கப்பட்டது. பையன் ஹென்றி கர்னி சீர்திருத்தப் பள்ளிக்குப் போனான். 1978 டிசம்பரில், பினாங்கிலிருந்தே போன இன்னொரு துப்பாக்கி வழக்கில், லண்டன் பிரிவி கவுன்சில் அந்த ஒழுங்குமுறைகள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது.

அந்தச் சட்டத்தை நான் ஆதரிக்கவில்லை. பிள்ளையைத் தூக்குமேடைக்கு அனுப்பும் எந்தச் சட்டத்தையும் எந்தப் பெற்றோரும் ஆதரிக்க மாட்டார். ஆனால் அந்த வழக்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் போய் நிற்பது வேறு இடத்தில். 14 வயதில் யாரும் கைத்துப்பாக்கி செய்வதில்லை. கப்பலில் இறக்குவதில்லை. தோட்டா வார்ப்பதில்லை. கூண்டில் நின்றது பிள்ளை. பெரியவர்களின் உலகத்தில் பிறந்த பொருள் அவன் கைக்கு வந்து சேர்ந்ததற்கு அவன்தான் விலை கொடுத்தான்.

"அதெல்லாம் பழைய கதை" என்று மூச்சு விடுபவர்களுக்கு: இசா 2012-இல் நீக்கப்பட்டது உண்மை. 2001 சிறார் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மரண தண்டனை கிடையாது என்பதும் உண்மை. மிச்சம் இருப்பதைக் கேளுங்கள். 1960 ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கி வேண்டாம், ஒரு தோட்டாவே போதும். கீழே கிடந்ததை நினைவுப் பொருள் என்று எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாலும் அது தோட்டாதான். 1971-ஆம் ஆண்டின் சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டத்தில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 14 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 6 பிரம்படியும். கொள்ளை போன்ற குற்றத்தின்போது துப்பாக்கியைச் சுட்டால், யார்மேலும் படாவிட்டாலும், முன்பெல்லாம் கட்டாய மரண தண்டனை. 2023 திருத்தத்துக்குப் பிறகு மரண தண்டனையா, 30 முதல் 40 ஆண்டு சிறையும் பிரம்படியுமா என்பதை நீதிபதி முடிவு செய்கிறார். பிள்ளை செய்த குற்றத்துக்கு அபராதத்தையும் இழப்பீட்டையும் பெற்றோர் கட்ட வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரம் சிறார் சட்டத்திலேயே இருக்கிறது.

இப்போது விளையாட்டுச் சாமானுக்கு வருவோம். அதே ஆயுதச் சட்டத்தின் 36-வது பிரிவு போலித் துப்பாக்கியைப் பற்றியது. குண்டு பாய வேண்டும் என்ற நிபந்தனையே அதில் இல்லை. பார்வைக்கு ஆயுதம் போல இருந்தால் போதும். தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இணையத்தில் "பெரியவர்களுக்கான பொம்மை" என்று விற்கிறார்களே, ஜெல் உருண்டை அடிக்கும் துப்பாக்கி, பிளாஸ்டிக் குண்டு போடும் ஏர்சாஃப்ட், அவை வீட்டு வாசலுக்குப் பொட்டலமாக வந்து இறங்குகின்றன என்பதால் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. விற்கிறவர் பெயரும் முகவரியும் இல்லாத கடைக்காரர். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள்.

சட்டத்தை விடுங்கள். கண் என்று ஒன்று இருக்கிறது. ஜெல் உருண்டையோ பிளாஸ்டிக் குண்டோ கருவிழியில் நேராகப் பட்டால் உள்ளே இரத்தம் கட்டும், விழித்திரை பிய்ந்துபோகலாம், பார்வையே போகலாம். 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் குழாயில் கார்பைடு போட்டு வெடிக்கும் "கார்பைடு துப்பாக்கி" என்ற மலிவுப் பொருளால் நூற்றுக்கும் மேற்பட்டோர் கண் காயத்தோடு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள், பெரும்பாலும் சிறுவர்கள். பெரும்பாலும் தெருவோரத்தில், சில நூறு ரூபாயில் வாங்கியது. வெடிக்கவில்லையே ஏன் என்று குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்த்த நேரத்தில் வெடித்தது. நம் கம்பத்துப் பக்கங்களில் பண்டிகைக் காலத்தில் மூங்கில் பீரங்கி வைத்து வெடிக்கும் பழக்கம் எல்லாருக்கும் தெரியும். கார்பைடு அங்கும் அதேதான்.

கண்ணோடு போனால் கூடப் பரவாயில்லை என்று சொல்ல வைக்கும் கதை ஒன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் நடந்தது. 2014 நவம்பர் 22. டாமிர் ரைஸ், வயது 12, பூங்காவில் ஏர்சாஃப்ட் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தான். அது பொம்மை என்று அடையாளம் காட்டும் ஆரஞ்சு நிற முனை அதில் இல்லை. யாரோ போலீசுக்குச் சொன்னார்கள். "பொய்த் துப்பாக்கியாகக்கூட இருக்கலாம்" என்றும் அவர் சொல்லியிருந்தார். அந்தச் செய்தி ரோந்துக் காருக்குப் போய்ச் சேரவில்லை. கார் வந்து நின்ற இரண்டே வினாடியில் போலீஸ்காரர் சுட்டார். மறுநாள் பையன் இறந்துபோனான். அங்கே குற்றம் போலீஸ்மேல்தான் என்று நான் நம்புகிறேன், அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் ஒரு தாயாக, தந்தையாக, நம் பிள்ளையின் உயிர் யாரோ ஒருவர் இரண்டு வினாடியில் சரியாகக் கணிப்பதை நம்பி நிற்கும்படி நாமே ஒரு பொருளை வாங்கிக் கொடுக்கலாமா?

ஹாட்யாய்க்குப் போய்வருவது நமக்குப் பக்கத்து ஊருக்குப் போய்வருவது போலத்தான். அந்தத் தாய்லாந்தில், 2023 அக்டோபர் 3 அன்று, பாங்காக்கின் சியாம் பாரகான் பேரங்காடியில் 14 வயதுப் பையன் சுட்டு உயிர்கள் போயின. அவன் கையில் இருந்தது வெறும் சத்தம் மட்டும் போடும் வெற்றுவேட்டுத் துப்பாக்கி. அதை நிஜக் குண்டு பாயும்படி மாற்றியிருந்தார்கள். பொம்மைக்கும் ஆயுதத்துக்கும் நடுவில் பெரிய சுவர் இருக்கிறது என்று நினைப்பவர்கள் அந்தச் செய்தியை ஒரு தடவை தேடிப் படியுங்கள்.

சரி, நிஜத் துப்பாக்கி. "யார் வீட்டில் இருக்கிறது" என்று கேட்டீர்களே. நம் சமூகத்தில் எத்தனை அப்பாக்கள் போலீசில் இருக்கிறார்கள், இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றார்கள், பாதுகாவலர் வேலையில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நகைக்கடை வாசலிலும் வங்கி வண்டியிலும் நீளத் துப்பாக்கியோடு நிற்கும் அண்ணன்மார் நம் தாமானில்தான் குடியிருக்கிறார்கள். குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் இருப்பவர்கள் உண்டு. தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி வருகிறது என்று உரிமம் வாங்கியவர்கள் உண்டு. மாநிலப் போலீஸ் தலைவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உரிமத்தோடு கைத்துப்பாக்கி வைத்திருக்கும் வியாபாரிகளும் உண்டு. எண்ணிக்கை குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குறைந்த வீடுகளுக்குத்தான் உங்கள் பிள்ளை பிறந்தநாள் விருந்துக்குப் போகிறான்.

அண்ணே, அக்கா, உங்களிடம் உரிமம் இருக்கிறது என்பதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் வேலைக்கு அது தேவை. ஆனால் வேலை முடிந்து வந்து இடுப்பு வாரைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போகிறீர்களே, அதைக் குறை சொல்கிறேன். "அலமாரி மேல் தட்டில், புடவைக்கு அடியில் இருக்கிறது, அவனுக்குத் தெரியாது" என்கிறீர்களே, அதைக் குறை சொல்கிறேன். பிள்ளைக்குத் தெரியும். பண்டிகைக்கு வாங்கி ஒளித்து வைத்த புதுத்துணி எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்கு இதுவும் தெரியும். "தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன், என் பிள்ளை சொன்னால் கேட்பான்" என்பவர்கள்மேல்தான் எனக்கு அதிக வருத்தம். நல்ல பிள்ளையை வளர்த்திருக்கிறோம் என்ற பெருமையைப் பூட்டாக நினைத்துக்கொள்கிறார்கள்.

அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 8 முதல் 12 வயதுப் பையன்களை இரண்டு மூன்று பேராகச் சேர்த்து ஓர் அறையில் விட்டு, ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கவனித்தார்கள். இழுப்பறை ஒன்றில் நிஜக் கைத்துப்பாக்கி இருந்தது. குண்டு இல்லை, விசையை இழுத்தால் வெளியே தெரியும்படி ஒரு கருவி பொருத்தியிருந்தார்கள். மொத்தம் 29 குழு. கால் மணி நேரத்துக்குள் 21 குழுவின் கண்ணில் அது பட்டது. 16 குழுவில் எடுத்துக் கையாண்டார்கள். 10 குழுவில் ஒருவனாவது விசையை இழுத்தான். பார்த்த பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைப் பொம்மை என்று நினைத்தார்கள், அல்லது நிஜமா பொய்யா என்று தெரியாமல் இருந்தார்கள். நான் இன்னும் மறக்க முடியாதது இதுதான்: எடுத்துக் கையாண்டவர்களிலும் விசையை இழுத்தவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டவர்கள், துப்பாக்கியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்பே ஏதோ ஒரு பாடம் கேட்டவர்கள். அவர்களும் சொன்னால் கேட்கிற பிள்ளைகள்தான்.

லெபோ பாசாரில் நாம் வாங்கிக் கொடுத்த கறுப்புப் பொம்மையையும் இந்த இழுப்பறையையும் சேர்த்து யோசியுங்கள். நிஜத்தைப் போலவே இருக்கும் பொம்மையை வருடாவருடம் கையில் கொடுத்து, எடு, குறி பார், சுடு என்று பழக்கிவிட்டு, நிஜம் கிடைக்கும் அன்று மட்டும் அவன் கையை மடக்கிக்கொள்வான் என்று எதிர்பார்க்கிறோம்.

கைத்துப்பாக்கியில் பெரியவர்களையே ஏமாற்றும் ஒரு விஷயம் இருக்கிறது. கைப்பிடிக்குள் செருகும் மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று பலர் நினைக்கிறார்கள். மேகசினிலிருந்து ஒரு தோட்டா முன்கூட்டியே மேலேறிக் குழலின் அடியில், சுடத் தயாராக, உட்கார்ந்திருக்கலாம். மேகசின் மேசைமேல் இருக்கும்; துப்பாக்கி வெறுமையாகத் தெரியும்; விசையை இழுத்தால் அந்த ஒன்று பாயும். அதனால்தான் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் மேகசினைக் கழற்றிய பிறகு மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, கண்ணாலும் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்கிறார்கள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு இருப்பதாகவே நினை, சுட நினைக்காத எதை நோக்கியும் அதன் வாயைத் திருப்பாதே, சுடும் நேரம் வரும்வரை விசைமேல் விரல் வைக்காதே என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அதற்காகத்தான். இன்னொன்று. மூன்று வயதுப் பிள்ளைக்கு விசையை இழுக்கப் பலம் போதாது என்று சொல்வார்கள். சின்னப் பிள்ளை நம்மைப் போல ஒரு விரலால் இழுப்பதில்லை. துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் விசையை அழுத்துகிறது. அப்போது குழலின் வாய் அந்தப் பிள்ளையின் முகத்தை நோக்கி இருக்கும்.

பெற்றோரின் பொறுப்பு எங்கே முடிகிறது என்பதற்கு அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2024-இல் பதில் சொன்னது. மிச்சிகன் மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் என்ற சிற்றூர். 2021 நவம்பர் 26 அன்று ஓர் அப்பா 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி வாங்கினார். 15 வயது மகன் கூடவே இருந்தான். அடுத்த நாள் அம்மா அவனைச் சுடும் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனார். 30-ஆம் தேதி காலை, பையன் துப்பாக்கிப் படம் வரைந்து உதவி கேட்டு எழுதியிருந்ததைப் பார்த்து ஆசிரியர்கள் பெற்றோரை வரவழைத்தார்கள். வந்தார்கள், பேசினார்கள், மகனை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை, வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. அன்று அவன் பள்ளியில் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். துப்பாக்கியோடு கடையில் கொடுத்த கம்பிப் பூட்டு, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அந்த வீட்டில் கிடந்ததை அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் காட்டியது. அதை மாட்டப் பத்து வினாடிகூட ஆகாது. பிள்ளை நடத்திய பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்காக அப்பாவும் அம்மாவும் மரணம் விளைவித்த குற்றத்தில் தண்டிக்கப்பட்டது அந்த நாட்டில் அதுவே முதல் முறை: ஆளுக்கு 10 முதல் 15 ஆண்டு.

பூட்டினால் போதுமா என்றால், பெல்கிரேடைப் பாருங்கள். 2023 மே 3. செர்பியத் தலைநகரில் 13 வயது மாணவன் அப்பாவின் துப்பாக்கிகளோடு பள்ளிக்குள் நுழைந்தான். அவை இரும்புப் பெட்டகத்தில்தான் இருந்தன. பெட்டகத்தின் எண் பையனுக்குத் தெரிந்திருந்தது. அவனையும் அப்பா சுடும் பயிற்சிக்கு அழைத்துப் போயிருந்தார். எண் என்றால் நம் வீட்டில் என்ன வைப்போம்? பிள்ளையின் பிறந்த தேதி.

"பாதுகாப்புக்காக வைத்திருக்கிறேன்" என்று சொல்பவர்களிடம் நம் ஊரிலேயே நடந்ததை நினைவுபடுத்துகிறேன். 2016 டிசம்பர் 1, துன் டாக்டர் லிம் சொங் யூ நெடுஞ்சாலை. பாதுகாப்புக்காக அமர்த்தப்பட்ட மெய்க்காவலரே தன் முதலாளியைச் சுட்டார். அந்தச் சம்பவத்தில் மூன்று பேர் இறந்தார்கள், சாலையில் சும்மா போனவர்களும் காயப்பட்டார்கள். துப்பாக்கி ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால் அது யாரைக் காக்கும் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. பூட்டி வைத்தால் திருடன் வரும் இரவில் அது பெட்டிக்குள் இருக்கும். எடுத்துத் தயாராக வைத்திருந்தால் திருடன் வராத ஆயிரம் பகல்களில் அது பிள்ளைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் வழி இல்லை என்றால், வேலைக்குத் தேவைப்படாதவர்கள் அதை வைத்துக்கொள்ளாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, பெயராக இருந்த எண்களைப் பார்த்து நமக்கெல்லாம் தலை குனிந்தது. அதே எண்கள் இன்றைக்கும் மோட்டார் சைக்கிளில் ஒட்டப்படுகின்றன, கையில் பச்சை குத்தப்படுகின்றன, பிறந்தநாள் பதாகையில்கூட வருகின்றன. மகன் கைத்துப்பாக்கியை நெற்றிக்கு நேராகப் பிடித்து எடுத்த படத்தை டிக்டாக்கில் போட்டால், அது பொம்மைதான் என்று அவன் சொன்னதும் நாம் நிம்மதியாகிவிடுகிறோம். யாருடைய பொம்மை, எங்கே எடுத்த படம், பக்கத்தில் நிற்கும் அண்ணன் யார் என்று கேட்கிறோமா? படத்தில் கதாநாயகன் இரண்டு கையிலும் துப்பாக்கி பிடித்து நடந்துவரும்போது விசில் அடிப்பவர் அப்பாவாக இருந்தால், அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு வாய் வராது. சினிமா பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. விசிலை மட்டும் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது அடிக்காதீர்கள்.

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். வேலைக்காகத் துப்பாக்கி வைத்திருப்பவர், வேலை இடத்திலேயே ஒப்படைக்கும் வசதி இருந்தால் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். பாதுகாவலர்களுக்கு விதி அதுதான். வீட்டில் வைத்தே ஆக வேண்டியவர், குண்டை எடுத்துவிட்டு, குழலையும் பார்த்துவிட்டு, சுவரில் இறுக்கிய இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு சாவியில். சாவி உங்கள் உடம்போடு இருக்கட்டும். மனைவிக்குத் தெரிய வேண்டும், பிள்ளைக்குத் தெரியக் கூடாது. சுத்தம் செய்யும்போது பிள்ளை வீட்டில் இல்லாத நேரம் பாருங்கள். உரிமம் வைத்திருந்த தாத்தாவோ அப்பாவோ இறந்துபோனால், உரிமம் அவரோடு முடிந்தது; நினைவாக இருக்கட்டும் என்று வைத்துக்கொள்ளாமல் உடனே போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

துப்பாக்கி இல்லாத வீட்டுக்காரர், பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு அனுப்பும் முன் கேளுங்கள். நாய் கடிக்குமா என்று கேட்கிறோம், மாடி வராந்தாவில் கம்பி இருக்கிறதா என்று கேட்கிறோம். "அண்ணே, துப்பாக்கியை எங்கே வைத்திருக்கிறீர்கள், பூட்டியிருக்கிறதா" என்று கேட்பதில் என்ன மரியாதைக் குறைவு? பொறுப்பான போலீஸ்காரர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவர் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

பிள்ளைக்கு நான்கே சொல் போதும்: நில், தொடாதே, விலகு, சொல். கால்வாயிலோ புதரிலோ பழைய தோட்டா, குண்டு, துப்பாக்கி எது கண்ணில் பட்டாலும் அதேதான். பெரியவர்கள் 999-க்கு அழைக்க வேண்டும், அவர்களும் எடுக்கக் கூடாது. இந்தத் தீவின்மேல் 1941 டிசம்பரில் ஜப்பானியர் போட்ட குண்டுகளின் காலத்து மிச்சங்கள் மண்ணுக்கடியிலிருந்து இன்னும் அவ்வப்போது வெளிவருகின்றன. ஆனால் இந்த நான்கு சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்று பெட்டியைத் திறந்து வைத்துவிடாதீர்கள். எமரிப் பையன்களும் கேட்ட பாடம்தான் அது.

பொம்மை வேண்டுமென்றால், பச்சையும் மஞ்சளுமாகத் தண்ணீர் பீய்ச்சுகிற, தூரத்திலிருந்தே பொம்மை என்று தெரிகிற ஒன்றை வாங்கிக் கொடுங்கள். அதையும் யார் முகத்துக்கும் நேராகப் பிடிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். கறுப்புத் துப்பாக்கியைக் கேட்டு அழுதால் அழட்டும். கால் மணி நேரத்தில் கடலை மிட்டாய்க்கு அந்த அழுகை நின்றுவிடும்.

பள்ளிகளுக்கென்று போலீசில் தொடர்பு அதிகாரிகள் இருக்கிறார்கள். சபையில் மாணவர்களை வரிசையாக உட்காரவைத்து அவர்களைப் பேசச் சொல்வது நம் வழக்கம். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு அவர்களில் ஒருவரை அழையுங்கள். பிள்ளைகளை வெளியே விளையாட விட்டுவிட்டு, நாம் உட்காருவோம். பூட்டு எப்படி மாட்டுவது, எந்தப் பொம்மை சட்டப்படி குற்றம், பக்கத்து வீட்டில் சந்தேகமாக ஏதாவது பார்த்தால் யாரிடம் சொல்வது என்று அவரிடமே கேட்போம். அப்பாக்களும் வர வேண்டும். கூட்டம் என்றால் அம்மாக்களை மட்டும் அனுப்பிவிட்டு வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்பவர்களைத்தான் சொல்கிறேன்.